மேற்கு வாசல்காரர்கள்

எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் தம்பியின் உயிர் தங்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் நீட்டியது என் கையைத்தான். கூடப்பிறந்தவள் ஒருத்தி குத்துக்கல் மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? பரிசோதனை முடிவு வந்தது. பொருந்தவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் தின்று, ஒரே கையால் அடி வாங்கி வளர்ந்திருக்கிறோம், பொருந்தவில்லையாம். அன்றைக்கு உடம்பில் ஏறிய அலுப்பு இன்னும் இறங்கவில்லை.

வேறு சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, அதுவும் முறிந்து, ஆளை விட்டால் போதும் என்று ஓடி வந்தாயிற்று. பிழைக்க வந்த ஊரில் நாங்கள் இரண்டே பேர். அவன் வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நான் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் வேலை பார்க்கிறவள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைத்து, தேய்க்கும் மெஷினுக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைச் சூட்டோடு மடித்து அடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதேதான். சொந்தபந்தம் வளர்க்க எங்கே நேரம்?

ஆனால் எங்களிடம் ஒரு சொத்து இருப்பதாக நினைத்திருந்தோம். அது எங்கள் குடும்பப் பெயர். அரபிப் பெயர். ‘மேற்கு வாசல்காரர்’ என்று அர்த்தம். உலகத்திலேயே கொஞ்சம் பேருக்குத்தான் அந்தப் பெயர் உண்டு. பாலைவனத்து ஓரத்தில் மதில் சூழ்ந்த ஊர் ஒன்று இருந்ததாம். அதன் மேற்கு வாசலைக் காவல் காத்தவருக்கு ஏழு மகன்களாம். இந்தப் பெயரோடு எவன் எங்கே இருந்தாலும் அந்த ஏழு பேரில் ஒருத்தனுடைய வாரிசு என்பது அப்பா சொன்ன கதை. அதனால் எங்களுக்குள் பெண் கொடுப்பதும் கிடையாது, எடுப்பதும் கிடையாது. மற்றவர்கள் சித்தப்பா மகளையே கட்டிக்கொள்வார்கள். எங்களுக்கோ உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவளும் தங்கச்சி. அப்பா இதைச் சொல்லும்போது நெஞ்சு ஒரு சாண் முன்னால் வரும்.

"எந்த ஊர்ல இந்தப் பேரைக் கேட்டாலும் கதவைத் தட்டு. உன் ரத்தம்தான் திறக்கும்" என்பார்.

எனக்கு வேண்டியதும் ரத்தம்தானே. தட்டக் கிளம்பினேன்.

முதலில் திறந்தது குண்டூசிக்காரர். அந்தப் பட்டம் நான் வைத்தது. பக்கத்து ஊரில் பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர், அவரும் வாசல்காரர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க உலக வரைபடம், அது முழுக்கக் குண்டூசி. எங்கள் பெயர் எங்கே பிறந்து, எங்கே போய், எங்கே செத்தது என்பதைத்தான் மனிதர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். வியாபாரிகளின் ஒட்டகப் பாதை மேற்கு வாசல் வழியாகப் போனவரை எல்லாரும் அந்த ஒரே ஊரில் இருந்தார்களாம். ரயில் பாதை வேறு பக்கம் போனதும் பிழைப்புப் போய்த் துறைமுகத்துக்கு இறங்கினார்கள். அங்கிருந்து கப்பலில் கரி அள்ளவும் சமைக்கவும் ஏறிப் போய்க் கண்ட கரையில் எல்லாம் இறங்கினார்கள். அப்புறம் எண்ணெய்க் கிணறுகள். அப்புறம் சண்டை. இப்போது பிறந்த ஊரில் அந்தப் பெயரில் ஒரு ஈ காக்கை கிடையாது. பழைய இடங்களுக்குக் கறுப்புக் குண்டூசி, இருக்கும் இடங்களுக்குச் சிவப்பு. சிவப்பை எல்லாம் ஒரு உள்ளங்கையில் அள்ளிவிடலாம்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்குத் தேவையே இல்லை. என் தம்பி அங்கே படுத்திருக்கிறான், இவர் கரி அள்ளின கதை சொல்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது போன் நம்பர். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னவோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பஸ் டிப்போக்காரர்கள் இப்படித்தான் இழுப்பார்கள்போல என்று விட்டுவிட்டேன்.

போன் பண்ணிப் பண்ணிக் காது சூடானது. மடிப்பு மேஜையில் போனை வைத்துக்கொண்டு, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி யார் யாரிடமோ பல்லைக் காட்டினேன். ஒருத்தர் இது பணம் பறிக்கிற வேலை என்று வைத்துவிட்டார். ஒருத்தி அழுதாள், அப்புறம் எடுக்கவே இல்லை. பெரிய கம்பெனி நடத்துகிற ஒருத்தர், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விமானநிலையத்தில் பட்டது போதும், மாற்றிக்கொண்டுவிட்டோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னார். இதைக் குண்டூசிக்காரரிடம் சொன்னபோது ஒரு சிவப்பைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பைக் குத்தினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

ஆனாலும் சிலர் சரி என்றார்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும் என்றதும், தூரத்தில் இருந்தவர்கள் தபாலில் அனுப்பினார்கள். இந்த ஊர்ப் பக்கமே இருந்த இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். ஒருவர் பேக்கரிக்காரர், வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம், கல்யாணம் ஆகாத மனிதர். இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் டீசல் விலை. குண்டூசிக்காரரும் அந்த வயதில் மஜ்ஜை எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் குச்சியை வாயில் விட்டுக்கொண்டார்.

தம்பிக்கு அவர்கள் வந்ததே திருவிழாவாக இருந்தது. முடியெல்லாம் கொட்டி, கழுத்து குச்சியாகி, நாக்கு மட்டும் அப்படியே இருந்தது அவனுக்கு.

"அக்கா, ரத்தம் ரத்தம்னு ஊர் ஊரா அலையிறியே, கொசுகூட இவ்ளோ அலையாது" என்றான்.

வாயை மூடிக்கொண்டு மாத்திரையைப் போடுடா என்றேன். வெளியே வந்து தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பேக்கரிக்காரர் கொண்டுவந்த ரொட்டிப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

முடிவுகள் வந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பொருந்தாதது பெரிய விஷயமில்லை, தூரத்துச் சொந்தத்தில் பொருந்துவது அபூர்வம்தான் என்றார் டாக்டரம்மா. ஆனால் எல்லா முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் உங்களுக்கு எந்த வழியில் சொந்தம் என்று கேட்டார். ஒரே குடும்பம் என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

பேக்கரிக்காரர் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு நேரே குண்டூசிக்காரர் வீட்டுக்கு விட்டார். மனிதர் எங்களைப் பார்த்ததும் வரைபடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவருக்கு முன்னாலேயே தெரியும்.

போன வருஷம் மதில் சூழ்ந்த அந்த ஊருக்கே போய் வந்திருக்கிறார். மேற்கு வாசலுக்கு வெளியே இருந்தது இடுகாடாம். வியாபாரக் கூட்டத்தோடு வந்து, சத்திரத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போகிறவர்களை எடுத்துப் போட அந்த ஊரில் நாதி இருக்காது. அப்படிப்பட்ட பிணங்களை வாசலடியில் குடியிருந்த சிலர் தூக்கிப் போய்ப் புதைத்தார்கள். தூக்க வருகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எந்தச் சாதிசனமாக இருந்தாலும், அங்கேயே தங்கினால் அவனும் மேற்கு வாசல்காரன். ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் பெண்களும் தூக்கியிருக்கிறார்கள். தோள் இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு. காவல்காரனும் கிடையாது, ஏழு மகன்களும் கிடையாது. அந்த ஊர்க் கிழவர்கள் இதை ஒளிக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார்களாம்.

"அப்போ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா யாரும்மா போன எடுப்பாங்க? ஏழு மகன் கதைய நம்பித்தானே எல்லாரும் எடுக்கிறாங்க" என்றார். "யாருக்காவது பொருந்திடாதான்னு நானும் ஆசப்பட்டேன்."

பேக்கரிக்காரர் அதுவரை நின்றுகொண்டிருந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு மடங்கி உட்கார்ந்ததும் ஸ்டூல் முனகியது.

"அப்போ அவ எனக்குத் தங்கச்சி இல்லையா?" என்று கேட்டார்.

யார் எவர் என்று நாங்கள் கேட்கவில்லை. வாலிபத்தில் பழகிய ஒருத்தி. பெயர் ஒன்றாக இருந்ததால் பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்றும், அவரே போய் அவளுடைய கல்யாணத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார் என்றும் திரும்பி வரும் வழியில் வேனில் சொன்னார். அதற்குள் நான் குண்டூசிக்காரரைத் திட்டித் தீர்த்திருந்தேன். உன் கதைக்குப் பின்னால் நாயாய் அலைந்த நாட்களில் என் அம்மா பக்கத்து ஆட்களையாவது தேடியிருப்பேனே, அவர்கள் நிஜமான ரத்தமாயிற்றே, பெயர் வேறு என்பதால் புத்தியிலேயே படவில்லையே என்று கத்தினேன். இனி என் வாசலை மிதிக்காதே என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்ததெல்லாம் வெட்டியாக்கா என்றான். அப்புறம், "குண்டூசி சாரைத் திட்டாதக்கா, பாவம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் அக்கா மகன் ஒருத்தனை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். பெரியம்மா வீட்டோடு போக்குவரத்து நின்று எவ்வளவோ காலம். அவன் மறுபேச்சில்லாமல் சரி என்றான், குச்சியும் அனுப்பிவிட்டான். முடிவு வருவதற்குள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. கண்ட காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு காலை நேரத்தில், ஜன்னலில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. இனி போன் பண்ண வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக என்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

பெட்டியைப் பிணவறையிலிருந்து வண்டிக்கும், அங்கே போனதும் வண்டியிலிருந்து குழிக்கும் நீங்கள்தான் தூக்கிக்கொள்ள வேண்டும், நாலு பேரை வரச்சொல்லுங்கள் என்று பிணவறை ஆள் சொன்னான். நாலு பேர். கடைசியில் தூக்க நாலு பேரைச் சம்பாதித்து வை என்று ஊரெல்லாம் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன். லாண்டரியில் இருப்பது எல்லாம் பெண்கள், அவர்களுக்கும் ஷிப்ட். தம்பியின் மேஸ்திரி வேறு ஊரில் வேலையில் இருந்தார். பெரியம்மா மகன் வந்துசேர இரண்டு நாள் ஆகுமாம். பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நாதியில்லாமல் போவது என்பது இதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்கரி வேன் வந்து நின்றது. பேக்கரிக்காரர் இறங்கினார், கை முட்டியில் இன்னும் மாவு இருந்தது. லாரிக்காரர் இறங்கினார், அன்றைக்கு டீசல் பற்றி எதுவும் சொல்லவில்லை. பின்னால் குண்டூசிக்காரர், தயங்கித் தயங்கி, என் வாசலை மிதிக்கக்கூடாது என்பதைப் பிணவறை வாசலிலும் ஞாபகம் வைத்திருந்தவர்போல் தள்ளியே நின்றார்.

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"காலைல நர்ஸம்மா சொன்னாங்க. வரச்சொன்னது தம்பிதாம்மா. போன வாரம் போன் பண்ணான்" என்றார் குண்டூசிக்காரர். "‘ரத்தம் சேரல, பரவால்ல சார். தோள் இருக்குல்ல? அக்காவால தனியாத் தூக்க முடியாது’ன்னான்."

அதற்குமேல் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது அழுகைதான். காலையிலிருந்து வராதது அப்போது வந்தது.

பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். தலைப்பக்கம் பேக்கரிக்காரரும் லாரிக்காரரும், கால்பக்கம் ஒரு மூலையில் குண்டூசிக்காரர். இன்னொரு மூலை காலியாக இருந்தது. பிணவறை ஆள் சுற்றும்முற்றும் பார்த்து, இன்னும் ஒருத்தர் வரணுமா என்று கேட்டான்.

"வரவேண்டியவங்க வந்தாச்சு" என்றார் குண்டூசிக்காரர். என்னைப் பார்த்தார். "வாம்மா."

நான் குள்ளம். என் மூலை தாழ்ந்துவிடும், பெட்டி சாய்ந்துவிடும். தம்பி படுத்திருந்த விரிப்பை நர்ஸ் என்னிடம் கொடுத்திருந்தாள். அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, எட்டாக மடித்து, ஓரம் சேர்த்துத் தட்டித் தோளில் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க நான் செய்கிற வேலைதான். அப்புறம் குனிந்து, என் மூலையைத் தூக்கினேன்.