நெட்டையும் ராட்சத மரமும்

புகைப்படக்காரியின் கணவரைத் தெருவில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தில் தலை இடிக்கும். குடும்பப் படங்களில் கடைசி வரிசையில் முழங்காலை மடக்கி நிற்பார். கூனிக் கூனி அதுவே பழக்கமாகிவிட்டது.

தேசியப் பூங்காவின் ராட்சத மரங்களைப் படமெடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, கேமரா ஸ்டாண்டைத் தூக்கிவர அவரும் கூடவே போனார். எவ்வளவு பின்னால் நகர்ந்தும் முதல் மரம் ஒரே படத்தில் அடங்கவில்லை. அடியிலிருந்து உச்சிவரை துண்டு துண்டாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தான் மரத்தோட அளவு தெரியும். நீங்க போய் நில்லுங்க."

"நான் நின்னா மரம் குட்டையாத் தெரியுமே! வேற யாரையாவது நிக்க வை."

"இந்தக் காட்டுல வேற யாரு இருக்கா? போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய், வழக்கம்போலத் தோளைக் குறுக்கி நின்றார். எல்லாத் துண்டுகளையும் மடிக்கணினியில் ஒட்டி அவள் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"நான் எங்க இருக்கேன்?"

"அந்த வேருக்குப் பக்கத்துல பாருங்க, எறும்பு மாதிரி."

குனிந்து உற்றுப் பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ நான் நிமிந்தே நிக்கலாம்ல?"

"தாராளமா நில்லுங்க."

திரும்பப் போய், முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி நின்றார். அதன்பிறகு ஒவ்வொரு மரத்திலும் அவள் ஸ்டாண்டை விரிப்பதற்குள் அவர் அடியில் தயாராக நின்றார்.

"பசிக்குதுங்க, போதும் வாங்க."

"இரு, அந்த மரத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம்."