தேனீக்கள் காலி செய்யாத மனை

காவல் நிலையத்து மர பெஞ்சில் தையற்காரியும் அவள் நாத்தனாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிர் பெஞ்சில் டிரைவர் மாமா. பணி ஓய்வு பெற்றும் பேருந்து அவரை விடவில்லை. உட்கார்ந்தால் கைகள் தாமாகவே வட்டமாக வளைந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

தன் தெருக்கோடி மனையைத் தையற்காரிக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதி முன்பணம் வாங்கிய மாமா, பத்திரப் பதிவு நெருங்கும்போது, "விக்கிற மாதிரி இல்லம்மா" என்றுவிட்டார். முன்பணத்தைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் பொந்தில் கடை நடத்துபவள் அவள். அந்த மனையில் வரப்போகும் கடைக்கு மனத்துக்குள் சன்னல்கள் வைத்ததோடு நில்லாமல், வலைத்துணியில் திரைச்சீலைகளை நிஜமாகவே தைத்து மடித்து வைத்திருந்தாள்.

"மோசடி கேஸ் போடுங்க மேடம்" என்றாள் நாத்தனார். சரக்கு ஆட்டோ ஓட்டுபவள், குரலே ஹாரன். "எங்க அண்ணி வாயில்லாப் பூச்சி. அதான் தலையில மிளகாய் அரைச்சிட்டாரு."

"எல்லாம் பூச்சியால வந்த வினைதான்" என்று முனகினார் டிரைவர் மாமா.

இன்ஸ்பெக்டர் அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார்.

"பேச்சு மாறினா மட்டும் மோசடி ஆயிடாதும்மா. அதுக்கு சிவில் கோர்ட் இருக்கு. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். கையெழுத்துப் போட்ட அன்னிக்கே ஏமாத்தணும்னு நினைச்சாரா? அடுத்தவங்க நிலத்தைக் காட்டினாரா? ஏற்கனவே வித்ததை மறைச்சாரா?"

"நிலம் அவரோடதுதான். யாருக்கும் விக்கல" என்றாள் தையற்காரி.

"விக்கவே போறதில்லன்னு தெரிஞ்சேதான் மேடம் கையெழுத்துப் போட்டாரு!" என்றாள் நாத்தனார். "சொல்லுங்க அண்ணி."

தையற்காரிக்குக் கையெழுத்தான நாள் நினைவுக்கு வந்தது.

கையெழுத்தான கையோடு மாமா ஒரு பழைய தொப்பியுடன் கடைக்கு வந்திருந்தார். "உனக்கு இடம் காலி பண்ணணுமே. தேனீப் பெட்டிங்களைத் தூக்கணும். மூஞ்சிக்கு வலை வச்சுக் கொடும்மா." திரைச்சீலையில் மிஞ்சிய துணியை வைத்துத் தைத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவர் மணப்பெண்போலத் தலைகுனிந்து காட்ட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அது வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் புகார் போச்சு. சொல்லாவிட்டால் அவருக்குப் பின்னாலிருக்கும் லாக்கப் கம்பிக்கதவு. தேனீ கொட்டிய அவருடைய இடது காது இன்னும் வீங்கிச் சிவந்திருந்தது.

நாத்தனார் அவள் தொடையைக் கிள்ளினாள்.

"அன்னிக்கு விக்கிற எண்ணம் அவருக்கு இருந்துச்சு மேடம்" என்றாள் தையற்காரி. "பெட்டியைத் தூக்க நான்தான் வலை தைச்சுக் கொடுத்தேன். விக்காதவரு எதுக்குப் பெட்டியைத் தூக்கறாரு?"

"அண்ணி! நம்ம கோலுக்குள்ளயே பந்தை அடிக்கிறீங்களே!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அப்போ இது மோசடி இல்ல. சரி, அப்புறம் என்னய்யா ஆச்சு உமக்கு?"

"பெட்டிங்களை எங்க வீட்டு மொட்டைமாடிக்கு மாத்தினேன் மேடம். மறுநாளே அத்தனை தேனீயும் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. பெட்டி இருந்த அதே உயரத்துல, வெறும் காத்தைச் சுத்திச் சுத்தித் தேடுதுங்க. பார்க்க சகிக்கல. பெட்டிங்களைத் திரும்ப அங்கயே வச்சுட்டேன். அதுங்களை நடுத்தெருவுல விட்டுட்டு எப்படி விக்கிறது?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன மாமா?" என்றாள் தையற்காரி.

"தேனீக்காக வாக்கு மாறினேன்னா சிரிப்பீங்க."

சிரித்தார்கள். வாசலில் நின்ற காவலரும் சேர்ந்துகொண்டார்.

தையற்காரிதான் முதலில் நிறுத்தினாள். "ஏன் மாமா, ஒருத்தரை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டா என்ன பண்ணுவாரு?"

"நடந்தே திரும்பி வந்துடுவாரு."

"தேனீங்களுக்கு உங்க மொட்டைமாடி ஒரு ஸ்டாப்தான். வழி தெரியாத தூரத்துல கொண்டுபோய் இறக்குங்க. இந்த வழி மறந்ததும் மாடிக்குக் கூட்டிட்டு வாங்க."

டிரைவர் மாமாவின் கைகள் காற்றில் ஒரு பெரிய வளைவைத் திருப்பின. "கடைசி ஸ்டாப்!" என்றார். "அப்படிச் செஞ்சா தேடி வராதுங்க. நிலம் உனக்குத்தான்மா."

"தேனீ வழியை மறக்கட்டும். நீங்க பதிவுத் தேதியை மறந்தீங்கன்னா சிவில் கோர்ட்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்ததும் எல்லோர் கண்ணும் சரக்கு ஆட்டோமேல் விழுந்தது. நாத்தனார் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்னைக் கொட்டினா?"

"உனக்கும் ஒரு வலை தைச்சுடறேன்" என்றாள் தையற்காரி. "ஒரு சன்னலுக்குத் திரை குறையும். காத்து வரட்டும்."

நாத்தனார் மாமாவின் காதைப் பார்த்தாள். "கழுத்துகிட்ட மட்டும் ரெட்டைத் தையல் போடுங்க அண்ணி."