மீராமுகைதீனின் நாலு சில்லு

புயல் அடித்த வருஷம், கல்முனைச் சந்தைக்கு முன்னால் நின்ற லொறி ஒன்றின்மேல் தென்னை விழுந்து லொறி அப்பளமாய்ப் போனது. ஊரார் தகரம் பொறுக்கப் போனார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமை மீராமுகைதீன் மட்டும் அந்த லொறிக்குக் கீழே இரண்டு நாள் மல்லாந்து கிடந்து, கிறீசும் சேறுமாக, சில்லுக்குள் சுழலும் இரும்புக் குண்டு வளையங்களான பெயரிங்குகள் நாலைக் கழற்றி எடுத்தான். லொறிக்காரர் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள், எனக்கு உசிர் மிஞ்சியதே பெரிது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலையும் ஒரு முதிரை மரப் பலகைக்குக் கீழே பூட்டிச் சில்லுப்பலகை செய்தான். இரண்டு மூட்டை நெல்லை அதன்மேல் ஏற்றி, வலது காலைப் பின்விளிம்பில் வைத்து, இடது காலால் தெருவை உந்தினால் பலகை கிர்ரென்று ஓடும். பின்சில்லு ஒன்றில் ஒரு குண்டு குறைவு. அதனால் சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்று தட்டும். அந்தத் தட்டலைக் கேட்டே மீரா வருகிறான் என்று கடைக்காரர்கள் வாசலில் வைத்த அரிசியை ஒதுக்கி வழிவிடுவார்கள்.

விளையாட்டுக்குச் செய்த பலகை இல்லை அது. அவனுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. முதுகில் மூட்டையோடு ஐம்பது அடி நடந்தால் கால் மடங்கும். பலகை இருக்கும்வரை அவன் நாட்டாமை. அது இல்லாவிட்டால் வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அவனைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். சொறிக்கல்முனையிலிருந்து வரும் முருகேசு செய்தான். மீராவின் பெண்சாதி ஹப்ஸாவின் தம்பி ஜவுபர் செய்தான். ஜவுபர் எட்டாம் வகுப்புப் படித்தவன். பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டுவான். யாரோடும் கதைக்கத் தெரிந்தவன். ஆறு பலகை ஆனதும் பின்னேரங்களில் சந்தி முதல் தபால் கந்தோர்வரை யார் முந்துவது என்று போட்டி வைத்தார்கள். மூட்டை சரியாமல் வளைவில் பலகையைச் சாய்த்துத் திருப்புவதில் மீராவை வெல்ல ஆளில்லை. அந்த நேரத்தில் முழங்கால் அவனுக்கு ஞாபகம் வராது.

நாட்டாமைமாருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையின் நாலு மூலையும் நாலு காது. இரண்டு சுமப்பவனுக்கு, இரண்டு தூக்கி விடுபவனுக்கு. மூட்டைக்குப் பக்கத்தில் ஒருவன் குனிந்து நின்றால், அவனோடு நேற்றுக் கன்னத்தில் அடித்துச் சண்டை பிடித்தவனாயிருந்தாலும் போய்த் தூக்கிவிட வேண்டும். நீட்டிய கையை வேண்டாம் என்றவனும் இல்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நீலக்கொக்குச் சோடாக் கொம்பனியின் ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். நாட்டில் புதுப்புதுச் சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம். பின்னேரப் போட்டியை அவர் பார்த்தார். பெருநாளுக்கு மூன்றாம் நாள் கொம்பனி செலவில் பெரிய போட்டி வைப்பதாகவும், ஆறு பேருக்கும் போட்டுக்கொள்ள நீலச் சேட்டும் நீலப் பலகையும் தருவதாகவும் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: படம் எடுப்பதால் கொம்பனிப் பலகையில்தான் ஓடவேண்டும். ஜவுபரைத் தலைவனாக வைத்துக் கதைத்து முடித்தார்கள்.

பலகைகள் வந்தன. கொக்குப் படம் போட்டு, பார்க்கக் கண்ணைப் பறித்தன. சில்லுகள்தான் சரியில்லை. ஒரு மூட்டையை வைத்ததும் குழந்தைப்பிள்ளையின் கால் மாதிரி வளைந்தன.

"நம்மட பெயரிங்கக் களட்டி இதில பூட்டுவம்," என்றான் ஜவுபர். "ஓடி முடிஞ்சா திருப்பிக் களட்டுறதுதானே."

முருகேசு தலையைச் சொறிந்தான். "ஊரான் பலகையில நம்மட சில்லு. பொறகு எது ஆர்ட எண்டு கேட்டா?"

"நீ ஒண்டு. சோடாக் கொம்பனிக்கு உன்ட துருப்புடிச்ச பெயரிங் என்னத்துக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மீராவும் சிரித்தான். பெயரிங்கைக் கழற்ற முதிரைப் பலகையைப் பிளக்கவேண்டியிருந்தது. பிளந்ததை ஹப்ஸா அடுப்புக்கு வைத்தாள்.

போட்டியன்று தெருவின் இரண்டு பக்கமும் சனம். மதில்மேல், கூரைமேல், பஸ்ஸின் மேலெல்லாம் ஆட்கள். மீரா இரண்டு பலகை நீளத்தால் வென்றான். 'டக் டக்' என்ற சத்தம் தபால் கந்தோரைத் தாண்டியபோது சனம் அவனை மூட்டையோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தது. படம் எடுத்தார்கள். சோடாப் போத்தல்களை ஆளுக்காள் குடித்தார்கள். அந்தக் கலகலப்புக்குள் கொம்பனி லொறி பின்பக்கமாக வந்து ஆறு பலகையையும் ஏற்றியது.

"மட்டக்களப்பிலயும் படம் எடுக்கணுமாம் மச்சான்," என்றான் ஜவுபர். "வியாழக்கிழமை வந்திரும். நான் பொறுப்பு."

வியாழன் வந்தது, பலகை வரவில்லை. அடுத்த வியாழனும் அப்படியே. மூன்றாம் கிழமை ஜவுபரும் சந்தைக்கு வரவில்லை. நீலச் சேட்டோடு கொம்பனி வேனின் முன்சீட்டில் அவன் போவதைக் கண்டதாக முருகேசு சொன்னான். தம்பிக்கு வேலை கிடைத்தது நல்லதுதான், பலகையைப் பற்றி அவனே கேட்டுச் சொல்வான் என்று மீரா நினைத்தான். அதற்குள் இரண்டு நாள் மூட்டை சுமந்து முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

கடைசியில் நொண்டி நொண்டிக் கொம்பனியின் களஞ்சியத்துக்கே போனான். வாசலுக்கு வருமுன்னே உள்ளே இருந்து சத்தம் கேட்டது. கிர்ர், டக். கிர்ர், டக். யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் நீலப் பலகை ஒன்றில் சோடாப் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனான். மற்ற ஐந்து பலகையும் சுவரோடு நின்றன.

கணக்குக் கொப்பியோடு நின்ற ஜவுபர் அவனைக் கண்டதும் வெளியே வந்தான். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டான்.

"அது என்ட சில்லு," என்றான் மீரா.

"கொம்பனிச் சாமான் மச்சான். பலகையும் அதில பூட்டின எல்லாமும் கொம்பனிக்கு எண்டு எழுதித்தான் தந்த. தலைவன் எண்டு நான்தான் கையொப்பம் வச்சன்."

"எப்ப வச்ச?"

"பலகை வந்த அண்டைக்கி."

மீரா அவனுடைய சேட்டில் இருந்த கொக்கையே பார்த்தான். படித்தவன் அவசரத்தில் பார்க்காமல் கையொப்பம் வைத்திருப்பான், கொழும்பான் அவனையும் ஏமாற்றியிருப்பான் என்று மனது ஒரு வழி தேடியது.

"வாசிச்சுப் போட்டா வச்ச?"

ஜவுபர் நிலத்தைப் பார்த்தான். "ஓம். வாசிச்சன்."

அப்படியென்றால், பெயரிங்கைக் கழற்றிப் பூட்டுவோம் என்று அவன் சொன்னபோதே அவனுக்குத் தெரியும். முருகேசு கேட்டபோது சிரித்ததும் தெரிந்துகொண்டே சிரித்தது.

மீரா திரும்பி நடந்தான். ஹப்ஸாவிடம் சங்கதியைச் சொன்னான். தம்பிக்காரனுக்கென்று இரவில் சோறு மூடி வைக்கும் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பெரும்போகம் வெட்டி, இறக்காமத்து நெல் சந்தைக்கு வந்து குவிந்த நாட்கள். மீரா முழங்காலில் சீலை சுற்றிக்கொண்டு, சின்ன மூட்டைகளாகப் பார்த்து, இடையிடையே குந்தியிருந்து சுமந்தான். ஒரு மத்தியானம் கடைசி மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். முருகேசு தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். மற்றவர்கள் லொறியில் இருந்தார்கள்.

தெருவில் நீல வேன் நின்றது. ஜவுபர் இறங்கி வந்தான். சேட்டுக் கையை மடித்துக்கொண்டு மூட்டையின் மற்ற இரண்டு காதையும் பிடித்தான். பழகின கை. எந்த நேரத்தில் மூச்சுப் பிடிக்கவேண்டும் என்று அறிந்த கை.

"தூக்குங்க மச்சான்," என்றான் மெதுவாக.

மீரா தன் கையிலிருந்த இரண்டு காதையும் விட்டான். மூட்டைமேல் உட்கார்ந்து, வலது காலை நீட்டி வைத்தான்.

"முருகேசு வருவான்," என்றான்.

ஜவுபர் இன்னும் காதைப் பிடித்தபடியே குனிந்து நின்றான். வேன்காரன் இரண்டு தரம் கோர்ன் அடித்தான்.