கியர் இல்லாத வான்

ரொம்சோசிலிருந்து லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற வாகனக் கடைக்குப் போகிற வழி முழுக்கப் பரமநாதன் பெற்றோலைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். பக்கத்துச் சீற்றில் அவருடைய கூட்டாளி அல்பேர்ட். பின்னால் மனைவி அருள்நாயகி, மடியில் கைப்பையோடு.

"சீனாக்காரன் ஒரே வானை ரண்டு விதமாச் செய்யிறான் மச்சான். ஒண்டு பெற்றோல், மற்றது கரண்ட். ரண்டிலையும் ஏழு சீற். பிறகென்ன யோசினை?"

"இஞ்சை இப்ப பெற்றோல் வான் ஆர் விக்கிறான்?"

"இந்தக் கடைக்காரன் ஜெர்மனியிலையிருந்து ஒண்டை இறக்கி வைச்சிருக்கிறான். வித்துப் போக முந்திப் பிடிக்கவேணும்."

"கரண்ட் எண்டால் என்னவாம்?"

"என்னவாமோ? ஆவணியிலை பாரிசிலை கலியாணம். வழி வழிய சார்ஜ் ஏத்திக்கொண்டு நிண்டால், நாங்கள் போய்ச் சேர பொம்பிளைக்குப் பிள்ளையும் பிறந்திடும்."

அல்பேர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். அருள்நாயகி சிரிக்கவில்லை. அவளுடைய கைப்பைக்குள் லைசென்ஸ் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் எடுத்தது. கியர்க் காரில் இரண்டு தரம் சோதனையில் தவறி, பிறகு கியர் இல்லாத காரில் ஓடிக் காட்டி வாங்கினாள். நொர்வேஜியச் சட்டப்படி அப்படி வாங்கியவர்கள் கியர்க் காரைத் தொட முடியாது. வீட்டிலிருந்ததோ பழைய கியர்க் கார். ஆகவே லைசென்ஸ் கிடைத்த பிறகும் அவள் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான்.

ஜெர்மனியிலிருந்து வந்த பெற்றோல் வானுக்கும் கியர். கரண்ட் வானுக்கு இல்லை. முதியோர் இல்லத்தில் தன்னோடு வேலை செய்கிற பெண்களை ஞாயிறு காலைகளில் ஏற்றிக்கொண்டு, பனிக்குள் பஸ் பார்த்து நிற்காமல், தானே ஓடிப் போக வேண்டுமென்று அவளுக்கு ஆசை. இன்றைக்குப் பெற்றோல் வான் வந்துவிட்டால் அந்த லைசென்ஸ் கைப்பையிலேயே கிடக்கும்.

"வான் என்ரை பேரிலை இல்லை, தெரியுமோ? இவவின்ரை பேரிலை," என்றார் பரமநாதன்.

"ஏன் மச்சான், வரிக்குப் பயமோ?"

"ஏழரைச் சனி. சாத்திரியார் ஊரிலையிருந்து போனிலை சொன்னவர். வாகனம் உங்கடை பேரிலை வேண்டாம், மனிசியின்ரை நட்சத்திரம் திறமெண்டு. கடைக்காரனுக்கு இவவின்ரை பேரும் போன் நம்பரும் குடுத்துப் போட்டன். என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

"எங்கடை ஆக்களைச் சனி பிடிக்கிறேல்லை. பாதர் வந்து தண்ணி தெளிப்பார், சரி."

"உங்களைப் பிடிக்கச் சனிக்கே பயமடா."

கடையில் இரண்டு வான்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் வெள்ளை. விற்பனைப் பையன் பரமநாதனைத் தாண்டி வந்து அருள்நாயகிக்குத்தான் முதலில் கை கொடுத்தான். நொர்வேஜிய மொழியில் கேட்டான்: "வாங்குபவர் நீங்கள்தானே? எதை எழுதட்டும்?"

"பெற்றோல்," என்றார் பரமநாதன்.

பையன் தலையாட்டிவிட்டு அவளையே பார்த்தான். "ஒப்பந்தம் உங்கள் போனுக்குத்தான் வரும். நீங்கள்தான் போனிலேயே உங்கள் பாங்க்ஐடி இரகசிய இலக்கத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். உங்களுக்கு எது?"

"கரண்ட் வான்," என்றாள் அருள்நாயகி.

பரமநாதன் அவளைத் தமிழுக்கு இழுத்தார்.

"இஞ்சேர், உமக்கென்ன பைத்தியமோ? பாரிஸ்?"

"பாரிசுக்கு வருசத்திலை ஒருக்காத்தான். எனக்கு வேலை ஒவ்வொரு கிழமையும். கியர் வான் நான் ஓடேலாது."

"நான் இருக்கிறன்தானே, ஏத்திக்கொண்டு போய் விட?"

"ஞாயிற்றுக்கிழமை விடியவோ? நீங்களோ?"

அல்பேர்ட் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னனான். நீங்கள் அல்பேர்ட் அண்ணையோடை போனிலை நிண்டனீங்கள். பிறகும் சொன்னனான். அப்ப நீங்கள் சாத்திரியாரோடை நிண்டனீங்கள்."

"சரி, விடும். என்ரை பேரிலை மாத்தி எழுதச் சொல்லுறன். பெற்றோலை எடுப்பம்."

"மாத்துங்கோ. எனக்கென்ன? சனி உங்களுக்குத்தானே."

பரமநாதன் பையனைப் பார்த்தார். பெற்றோல் வானைப் பார்த்தார். அதன் கண்ணாடியில் கைவைத்துவிட்டு எடுத்தார்.

"மச்சான்," என்றார் அல்பேர்ட், "பாரிசுக்கு நீ சனியோடை போறியோ, மனிசியோடை போறியோ? ஒண்டைச் சொல்லு. பெடியன் காவல் நிக்கிறான்."

"நீ வாயை மூடு."

"மூடிட்டன்."

பரமநாதன் கரண்ட் வானின் பக்கம் திரும்பினார். பிறகு, "வழியிலை எத்தினை தரம் சார்ஜ் ஏத்தவேணுமெண்டாவது கேளும்," என்றார்.

அவள் கேட்டாள். பையன் வரைபடத்தை விரித்து அவருக்குக் காட்டிக்கொண்டிருக்க, அருள்நாயகி போனில் இலக்கங்களை அழுத்தினாள். முதல் தரம் பிழைத்தது. அடுத்த தரம் சரிவந்தது.

"ஒருக்கால் ஓடிப் பாருங்கள்," என்று பையன் திறப்பை அவளிடம் கொடுத்தான்.

அவள் சீற்றை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். அல்பேர்ட் பின்சீற்றில் காலை நீட்டி இருந்துகொண்டார். பரமநாதன் வெளியே நின்று வானை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு வந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறிப் பெல்ற்றைப் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுமன்."

"பண்ணியாச்சு."

வான் சத்தமில்லாமல் தெருவில் இறங்கியது. சுற்றுவட்டத்துக்குக் கிட்ட வந்ததும் பரமநாதனின் வலது கால் தரையை அமத்தியது.

"மெல்ல, மெல்ல. இடப்பக்கத்தாலை லொறி வருது."

"கண்டனான்," என்றாள் அருள்நாயகி. லொறியைப் போக விட்டுவிட்டு எடுத்தாள்.