வேப்பமரத்தடியில் இடமில்லை

நூறு மீட்டர் ஓட்டக்காரனை நானூறு மீட்டர் ஓடச் சொல்வது, தெருமுனையில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவரைக் கூப்பிட்டு ஒரு கல்யாணத்துக்கே சமைக்கச் சொல்வது மாதிரி. அதே அடுப்பு, அதே எண்ணெய், ஆனால் ஆள் பிழைக்கமாட்டார். ஆனந்தகுமார் இதைப் பயிற்சியாளர் சிட்டிபாபுவிடம் ரொம்பப் பணிவாகச் சொல்லிப் பார்த்தான்.

"சார், நான் மாநிலத்துலயே ரெண்டாவது வேகமான ஆளு சார்."

"அப்ப சீக்கிரமா முடிஞ்சிரும், போ," என்றார் சிட்டிபாபு.

அவரையும் குறை சொல்ல முடியாது. பிப்ரவரி வந்தால் இந்தத் தொழிலில் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் ஒரே வியாதி. போட்டிக்காலம் சூடுபிடிப்பதற்குள் மூச்சைக் கூட்ட வேண்டும் என்று நூறு ஓடுகிறவனை நானூறுக்கு அனுப்புவார்கள். நானூறு ஓடுகிறவன் எண்ணூறுக்குப் போவான். எண்ணூறுக்காரன் ஆயிரத்தைந்நூறுக்குப் போய் அழுவான். எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடிபோகிற மாதம் அது. பத்தாயிரம் மீட்டர்காரர்கள் மட்டும் போக இடமில்லாமல் சும்மா இருப்பார்கள். உலகத்தில் நியாயம் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஆனந்தகுமாருக்கு இதில் இன்னொரு சிக்கல். அவனுக்கு வளைவில் ஓட வராது. அவன் ஓடிப் பழகியது காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் தெருவில். காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி நீவுவார்கள்; அதன் ஓரமாகவே இவன் ஓடுவான். பாவு வளையாது. ஆகவே தெரு வளையாது. ஆகவே ஆனந்தகுமாரும் பிறந்தது முதல் எதற்கும் வளைந்ததில்லை. இதை அவன் தன் குணநலன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறான்.

ஆனால் ஏப்ரல் என்று ஒன்று இருந்தது. ஏப்ரலில் சென்னையில் பெரிய போட்டி; நாட்டின் வேகமான கால்கள் எல்லாம் வரும் நூறு மீட்டர். ஒரு பயிற்சி மையத்துக்கு ஒரே இடம். சிட்டிபாபுவின் மையத்தில் அந்த இடத்துக்கு இரண்டு பேர்: ஆனந்தகுமார், தாமல் துரைக்கண்ணு. போன வருடம் முழுக்க ஆனந்தகுமார் சென்னையைக் கனவு கண்டு, பேட்டியில் என்ன சொல்வது என்பது வரை யோசித்து வைத்திருந்தான். முதலில் அம்மாவுக்கு நன்றி, பிறகு ஊருக்கு நன்றி, துரைக்கண்ணுவைப் பற்றி ஒரு பெருந்தன்மையான வாக்கியம்.

"நானூறுல உங்க ரெண்டு பேர்ல எவன் முன்னால வரானோ அவன் சென்னைக்கு," என்றார் சிட்டிபாபு. "டைமு கிய்மு எதுவும் பாக்கமாட்டேன்."

துரைக்கண்ணு தலையாட்டினான். ஆட்டாமல் என்ன செய்வான்? அவன் தினமும் ஓடுவது தாமல் ஏரிக்கரை மேல். அந்தக் கரை நீளம், அந்தக் கரை வளைவு. நானூறு மீட்டர் அவனுக்குப் பால் வாங்கிவருகிற தூரம்.

ஆனந்தகுமார் மெதுவாகக் கேட்டான். "சார், ஒரு பேச்சுக்கு. ஓடிக்கினு இருக்கும்போது யாருக்காவது அடிபட்டுச்சின்னா?"

"அடிபட்டவன இன்னாபா பண்றது? அப்ப பழைய நூறு மீட்டர் டைம பாத்து அனுப்ப வேண்டியதுதான்."

பழைய நேரத்தில் துரைக்கண்ணுவைவிட ஆனந்தகுமார் ஒரு நூலிழை வேகம். அந்த நூலிழையை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக ஒரு சேலையே நெய்திருந்தான். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது: ஓடி ஜெயிக்க முடியாது, விழுந்து ஜெயிக்கலாம்.

விழுவதற்கும் ஒத்திகை வேண்டும். அவர்கள் வீட்டில் கூடம் என்பது தறி. தறி போக மிச்சமிருப்பதுதான் குடும்பம். தறிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நாலு அடி ஓடி, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்து, முகத்தைக் கோணி, அவன் சரிந்தான். தறியில் உட்கார்ந்திருந்த அக்கா கலைவாணி நெசவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"ஹாம்ஸ்ட்ரிங்கு."

"வலிக்குதா?"

"இன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமதான் வலிக்கும்."

கலைவாணி யோசித்தாள். அவளுக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். "மொதல்ல வலது கால புடிச்ச, விழும்போது இடது கால புடிச்ச. எந்தக் காலுன்னு முடிவு பண்ணிக்கோ. அப்புறம், தறி மேல விழுந்தின்னா அம்மாவே உனுக்கு நெஜமா ஒடச்சி உட்ருவாங்க."

இடது என்று முடிவாயிற்று. அடுத்த இரண்டு சாயந்திரமும் இடது காலுக்கு ஒத்திகை நடந்தது. கலைவாணி நெய்துகொண்டே "ஓவரா கத்தாத," "கண்ண மூடாத, எங்க விழுறன்னு தெரிய வேணாம்?" என்றெல்லாம் திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனந்தகுமார் மைதானத்துக்கு முதல் ஆளாகப் போய் இடம் பார்த்தான். ஓட்டப்பாதையின் மறுகோடியில், இரண்டாவது வளைவு ஆரம்பிக்கிற இடத்தில், வேலியை ஒட்டி ஒரு வேப்பமரம். நல்ல நிழல். மண்ணும் மெத்தென்று இருந்தது. அங்கேயிருந்து முடிவுக்கோட்டில் நிற்கிற சிட்டிபாபுவுக்கு முகம் தெரியாது; கால் மட்டும் தெரியும். கடவுள் இருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றிய காலைகளில் அதுவும் ஒன்று.

எட்டுப் பேர் ஓடினார்கள். எட்டுப் பேரும் நூறு மீட்டர்காரர்கள். வேலூர், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று பக்கத்து மாவட்டங்களின் மின்னல்கள், புயல்கள். எல்லாரையும் எல்லார் பயிற்சியாளரும் அதே வியாதியில் அனுப்பியிருந்தார்கள். வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவரும் தன் தோல்விக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்துலேர்ந்து ஜுரம் பா. கோச்சு கேக்கல."

"எனுக்கு முட்டியில ஒரு மாதிரி இருக்குது. சும்மா ஜாகிங்தான்."

"நானும் ஜாகிங்தான். எல்லாரும் மெதுவா போலாம், இன்னா?"

எல்லாரும் மெதுவாகப் போகலாம் என்று எட்டுப் பேரும் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார்கள். துரைக்கண்ணு கூட, "எனுக்கு ஓகேபா," என்றான்.

பிறகு துப்பாக்கி வெடித்தது.

நூறு மீட்டர்காரனின் காதுக்கும் காலுக்கும் நடுவில் மூளை வருவதில்லை. வந்தால் நேரம் வீணாகும் என்று சின்ன வயதிலேயே எடுத்துவிடுவார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் எட்டுப் பேரும் வீட்டில் தீப்பிடித்த மாதிரி பாய்ந்தார்கள். ஏழாவது பாதையில் இருந்த ஆனந்தகுமார் முதல் வளைவில் வளையாமல் எட்டாவது பாதைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். வெளிப்பாதைக்காரர்களை முன்னால் தள்ளித்தான் நிறுத்துவார்கள். அதனால் அவனுக்கு முன்னால் வேலூர்க்காரர் ஒருவர் மட்டும். மற்றவர்களை வென்றுவிட்டோம் என்று அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் அவன் நம்பினான். அவன் வாழ்க்கையின் நல்ல காலங்களில் அது ஒன்று.

நூற்றைம்பதைத் தாண்டியதும் தொடைக்குள் யாரோ ஈரச் சிமென்ட் ஊற்ற ஆரம்பித்தார்கள். பரவாயில்லை. வேப்பமரம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இடது கால், முகம் கோணல், கண் திறந்திருக்க வேண்டும்.

அப்போது முன்னால் போன வேலூர்க்காரர் "அம்மா!" என்று அலறி, இடது தொடையைப் பிடித்துக்கொண்டு, சரியாக வேப்பமர நிழலில் சரிந்தார்.

ஆனந்தகுமாருக்குத் திக்கென்றது. அது அவனுடைய இடம். அவனுடைய கால்.

அவன் திகைத்த நேரத்தில் ஐந்தாவது பாதைக்காரர் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு அதே நிழலுக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது பாதைக்காரர் விழுந்த பிறகு கொஞ்சம் யோசித்து இரண்டு தொடைகளையும் பிடித்துக்கொண்டார். மூன்றாம் பாதை நொண்டியபடியே பாதையைவிட்டு விலகிப்போய் மரத்தில் சாய்ந்தது. ஆறாம் பாதை நின்று நிதானமாக இடம் பார்த்துப் படுத்தது. முதல் பாதையில் ஓடிய திருவள்ளூர்க்காரர் நடிப்பெல்லாம் பார்க்கவில்லை. வளைவில் திரும்பாமல் நேராகவே ஓடி, வேலியிலிருந்த திறப்பு வழியாக வெளியே போய்விட்டார்.

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் கிரேஸ் ஐஸ் பையோடு ஓடிவந்து மரத்தடியைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஸ்ட்ரெச்சர் ஒண்ணுதாங்க இருக்குது! உங்களுக்குள்ளயே பேசி யாருன்னு முடிவு பண்ணிக்குங்க!" என்றவள், தள்ளாடி வருகிற ஆனந்தகுமாரைப் பார்த்து, "அண்ணா, நீங்களுமா?" என்றாள். அந்தக் குரலில் வைத்தியம் இல்லை; சலிப்புதான் இருந்தது.

வேலிக்கு வெளியேயிருந்து கலைவாணி தன் கடமையைச் செய்தாள். "டேய், இடது! இடது!"

அவன் ஒரு கணம் நிழலைப் பார்த்தான். விழுந்தால் ஆறாவது ஆள். ஆறாவது ஹாம்ஸ்ட்ரிங்கை எந்தப் பயிற்சியாளரும் வாங்கமாட்டார். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கமாக ஒருவன் மூச்சிரைக்கக் கடந்து போனான். துரைக்கண்ணு.

வேறு வழியில்லாமல் ஆனந்தகுமார் ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்ல அச்செழுத்துக்கு மட்டும்தான் தைரியம் வரும். கைகள் ஓடின; கால்கள் சமாதானம் பேசின. தலை பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒரு பருந்து இவனைவிட வேகமாக நின்றுகொண்டிருந்தது. ஆறுதல் என்னவென்றால், ஏரிக்கரைக்காரனும் வெடிச்சத்தத்தில் மயங்கி முதல் வளைவிலேயே எல்லாவற்றையும் செலவழித்திருந்தான். கடைசி நேர்ப்பாதையில் அவன் ஆனந்தகுமாருக்கு நாலு எட்டு முன்னால், பஸ்ஸில் சாமான் மூட்டையோடு நகர்கிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ரிலே போட்டியும் இருந்தது. குச்சி கைமாறும் எல்லைக்காக, முடிவுக்கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே சுண்ணாம்பில் இன்னொரு கோடு போட்டிருந்தார்கள். நல்ல தடிமனான கோடு.

துரைக்கண்ணு அந்தக் கோட்டைப் பார்த்தான். நூறு மீட்டர்காரன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் நெஞ்சை முன்னால் தள்ளிப் பாய்வான்; அதுதான் அவன் பிழைப்பு. துரைக்கண்ணு அழகாகப் பாய்ந்தான். படத்தில் போடலாம், அப்படி ஒரு பாய்ச்சல். பாய்ந்த வேகத்தில் குப்புற விழுந்து, ஜெயித்த திருப்தியோடு மண்ணை அணைத்துக்கொண்டான்.

அதைப் பார்த்த ஆனந்தகுமாருக்கு, அது தவறான கோடு என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் ஒருவன் பாய்ந்தால் பாயாமல் இருப்பதற்கு மூளை வேண்டும். அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று மேலே சொல்லியாயிற்று. அவனும் நெஞ்சைத் தள்ளிப் பாய்ந்து, துரைக்கண்ணுவுக்குப் பக்கத்திலேயே மண்ணில் இறங்கினான்.

முடிவுக்கோட்டில் சிட்டிபாபு அசையவில்லை. "இன்னும் இருக்குதுபா," என்றார். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் சொல்கிற குரல்.

துரைக்கண்ணு தலையைத் தூக்கினான். "இன்னா இருக்குது?"

"பத்து மீட்டரு."

எழ முயன்றார்கள். கால்கள் யாருடையவையாகவோ இருந்தன. கிரேஸ் ஸ்பிரே டப்பாவோடு ஓடிவந்து ஆனந்தகுமாரின் பக்கத்தில் குந்தினாள். இந்த முறை அவள் முகத்தில் நிஜக் கவலை. "அண்ணா, எங்க புடிச்சிக்கிச்சி? எந்தக் காலு?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. மரத்தடியைவிடத் தோதான இடம். உண்மையாகவே விழுந்திருக்கிறான், உண்மையாகவே எழ முடியவில்லை, கேட்கிறவளும் உண்மையாகவே கேட்கிறாள். "இடது" என்ற மூன்றெழுத்து போதும்; பழைய நேரம், நூலிழை, சென்னை. அவன் வாயைத் திறந்தான்.

பக்கத்தில் துரைக்கண்ணுவின் முழங்கை நகர்ந்தது. வாயில் மண்ணோடு, வெறும் கைகளால் உடம்பை இழுத்துக்கொண்டு, அவன் கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தான்.

ஆனந்தகுமாருக்கு அதைத் தாங்க முடியவில்லை. நேர்மை எல்லாம் இல்லை. அவனைப் பற்றி அப்படித் தவறாக நினைத்துவிடக் கூடாது. நானூறில் ஒருவன் அவனைத் தோற்கடிக்கலாம், அது வேறு ஊர், வேறு பாஷை. ஆனால் இது பத்து மீட்டர். நேரான பத்து மீட்டர். இந்தத் தூரத்தில் மாவட்டத்தில் எவனும் இன்றுவரை அவனுக்கு முன்னால் போனதில்லை.

"தள்ளுமா," என்றான் கிரேஸிடம்.

இரண்டு கையையும் ஊன்றி, முட்டியை மடக்கி, அவன் கிளம்பினான். நாலு காலில் அவனுக்கு இயல்பாகவே வந்தது. நூறு மீட்டர்காரன் கிளம்புவதே நாலு காலில்தானே. துரைக்கண்ணு முழங்கையைத் தூக்கி மறித்தான். "டேய், என் லேனுடா இது!" "லேனா? நீ எந்த லேன்ல இருக்கிற, சொல்லு பாப்போம்!" மரத்தடியில் படுத்திருந்த ஐந்து நோயாளிகளும் நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்து நின்று விசிலடித்தார்கள். வேலூர்க்காரர் குதித்தார், இடது காலில்.

ஆனந்தகுமாரின் மூக்கு முதலில் கோட்டைத் தொட்டது. துரைக்கண்ணுவின் நெற்றி அடுத்து. நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்த சிட்டிபாபு அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் காட்டுகிற நேரமில்லை அது.

"கோட்டுக்கு மொதல்ல மார்புதான வரணும், மூக்கு கணக்கில்லையே சார்," என்றான் துரைக்கண்ணு மண்ணிலிருந்தபடியே.

"அவன் மார்பும் மொதல்லதாம்பா வந்துச்சி. உன் மார்பு இன்னும் வரல."

துரைக்கண்ணு குனிந்து பார்த்தான். நியாயம்தான். மெல்ல மார்பையும் கோட்டைத் தாண்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, "நூறுல உன்ன எவனும் புடிக்க முடியாதுடா," என்றான். "அதுக்கு மேல ஒரு மீட்டர் சேத்து வச்சாங்கன்னா சொல்லு, நானும் வரேன்."

சிட்டிபாபு ஆனந்தகுமாரின் தலைமாட்டில் வந்து நின்றார். "ஏப்ரலுக்கு நீதான். பேரு குடுத்துரட்டுமா?"

முதலில் அம்மாவுக்கு நன்றி, பிறகு ஊருக்கு நன்றி. ஆனந்தகுமார் கம்பீரமாகத் தலையைத் தூக்கி வாயைத் திறந்தான். காலையில் தின்ற இட்லிகள்தான் வந்தன. சிட்டிபாபு காலை நகர்த்திக்கொண்டு, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பெயர் கொடுக்கப் போனார்.