விளிம்பில் வைத்த சந்தனம்

காந்தனின் மகள் ஜப்பான்காரர்களுக்குப் பனியில் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது மலாக்காவின் புக்கிட் காத்தில் தாமானில் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. அலோர் காஜாவில் அவர் வேலை செய்யும் டயர் கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். காந்தன் வாழ்நாளில் பார்த்த பனி, கிண்ணத்தில் சீவிப் போட்டுத் தரும் ஐஸ் காச்சாங்கோடு சரி. ஆனாலும் ஒரு டயரைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குள் ஜப்பான் மலையைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிடுவார். மகள் பேச்சை எடுத்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

இதில் ஒரே ஒரு சிக்கல். தேவிஸ்ரீ அங்கே யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையில், கவுண்டரில் நின்று வருகிறவர்களின் கால் அளவுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதை அவள் போனில் அப்பாவிடம் தெளிவாகவே சொல்லியிருந்தாள். அவரும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். டயர் கடையில் திரும்பச் சொல்லும்போது சப்பாத்து கொடுப்பது மாட்டிவிடுவதாகி, மாட்டிவிடுவது சறுக்கிக் காட்டுவதாகி, கடைசியில் வாத்தியார் வேலையில் வந்து நின்றது. பொய் சொல்ல வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்துச் சொன்னதல்ல. பிள்ளைமேல் இருந்த பாசத்தில் வாய் முந்திக்கொண்டது. மனைவி ராகினி கண்டித்துப் பார்த்துவிட்டு, இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டாள்.

பனிக்காலம் முடிந்து தேவிஸ்ரீ ஊர் திரும்பியபோது, அவளைவிட உயரமான ஒரு பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். உள்ளே ஒரு ஜோடி பழைய சறுக்குப் பலகை. கடையில் வாடகைக்கு லாயக்கில்லை என்று கழித்துப் போட்டது.

"அடுத்த சீசன் நான் கவுண்டர்ல நிக்கப் போறதில்லப்பா. உள்ள பட்டறைக்குப் போகணும். ஸ்கீ தீட்டுற வேலை" என்றாள்.

காந்தனுக்குச் சட்டென்று முகம் விழுந்துவிட்டது. வாத்தியாராகவே ஆக்கி வைத்திருந்த பிள்ளை தீட்டுகிற வேலைக்குப் போவதாவது என்று மனசுக்குள் முணுமுணுத்தார். அவளோ உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனாள். பலகையின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய இரும்பு விளிம்பு இருக்கும், அது மழுங்கினால் கெட்டிப் பனியில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அடிப்பாகம் மெழுகு குடித்திருந்தால்தான் ஓடும். பட்டறைத் தலைவர் அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவளுடைய சொந்தக் கருவிகளை வைத்து, அவள் கையாலேயே இந்த ஜோடியைத் தீட்டிக் கொண்டுவர வேண்டும். அவருக்குப் பிடித்திருந்தால் பட்டறை, இல்லாவிட்டால் பழைய கவுண்டர். அவர் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார்.

கருவி என்றதும் காந்தனுக்கு உயிர் வந்தது. அன்றிரவே போனில் தேடி, சிவப்புத் துணி விரித்த பெரிய அலுமினியப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். அரங்கள், தூரிகைகள், மெழுகு உருக்கும் தனி இஸ்திரி எல்லாம் நகைக்கடையில் அடுக்கியதுபோல அதில் இருந்தன. கடன் வாங்கியாவது அதை வாங்கிவிடுவதென்று முடிவே செய்துவிட்டார். தன் பிள்ளை ஜப்பான்காரன் பட்டறைக்குள் மலிவுச் சாமானோடு நுழைவதா என்பது அவர் கட்சி.

"அந்தப் பெட்டியில பாதியை நான் தொடவே மாட்டேன்பா. பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான் லா" என்றாள் தேவிஸ்ரீ.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். அரம் சாயாமல் ஒரே கோணத்தில் ஓடுவதற்கு அதைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கட்டை ஒன்று உண்டு. அது நல்லதாக இருந்தே ஆக வேண்டும் என்றாள், ஏனென்றால் கோணம் தப்பினால் எல்லாமே வீண். ஒரு நல்ல அரம், பிசிறு எடுக்கும் கல், மெழுகு. இதோடு கடையில் வாங்குவது முடிந்தது. கடைசியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள், சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர்க் கட்டி. விளிம்பில் துரு பிடித்தால் தேய்த்து எடுப்பதற்காம். காந்தன் அதை உருட்டிப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை அழிக்கிற ரப்பருக்கெல்லாம் காசு கொடுப்பார்களா என்று கேலி செய்தார்.

மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைத்தது. மெழுகு சுரண்ட, பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் துண்டு. பலகையை ஏற்றி வைக்க, ரப்பர் ஒட்டிய இரண்டு மரக்கட்டை. மெழுகு உருக்க, ராகினியின் பழைய இஸ்திரிப் பெட்டி. இப்போது வருகிற நீராவி இஸ்திரியில் அடியெல்லாம் ஓட்டை, மெழுகு அதில் போய் அடைத்துக்கொள்ளும். அடி வழவழவென்று இருக்கும் பழைய பெட்டிதான் தோது. ராகினி அதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். இனிமேல் மறந்துபோய்க்கூட அதைத் தன் சேலைமேல் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றுதான் குறைந்தது. சறுக்கும்போது சப்பாத்து பலகையிலிருந்து கழன்றால் அது ஓடிவிடாமல் தடுக்க, பலகையின் இரண்டு பக்கமும் சின்னக் கைகள் கீழே நீட்டிக்கொள்ளும். தீட்டும்போது அவை அரத்துக்குக் குறுக்கே நிற்கும், இழுத்துக் கட்டத் தடிமனான ரப்பர் வளையம் வேண்டும். காந்தன் மறுநாள் லோரி டியூப் ஒன்றை வளையம் வளையமாக வெட்டிக் கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜப்பானில் விற்பதைவிட இது உறுதியாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது காந்தனுக்கு வாயெல்லாம் பல். பெட்டி பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மாதக்கணக்கில் வீட்டு முன் கார் நிறுத்துமிடத்தில் பழகினாள். அரம் ஒரே திசையில் நீளமாகப் போகும். பிறகு கல். பிறகு உருகிய மெழுகைச் சொட்டவிட்டு இஸ்திரியால் பரப்புவாள், ஆறியதும் சுரண்டுவாள், தேங்காய்ப்பூப் போலச் சிமெண்டுத் தரையில் மெழுகு உதிரும். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலியோரம் வந்து, இந்த வெயிலில் இதை எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் தலை நிமிரவில்லை. ஜப்பானுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் காந்தனைக் கூப்பிட்டு, நகத்தை விளிம்பில் வைத்து இழுக்கச் சொன்னாள். இழுத்தார். நகத்திலிருந்து பொடியாக வெள்ளைத் தூள் சீவிக்கொண்டு வந்தது. தலையிலிருந்து வால்வரை எங்கே வைத்தாலும் அதே கூர்மை. இத்தனை வருஷமாக இரும்போடு புழங்குகிற காந்தனுக்கு அது என்ன வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெருமையோடு இன்னொரு தடவை நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. டயர் கடையில் ஜாக்குகளும் ஸ்பேனர்களும் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தேவிஸ்ரீயின் கருவிகளையும் பலகைகளையும் படையலில் வைக்கலாமா என்று காந்தன் கேட்டார். அவளும் சந்தோஷமாகச் சம்மதித்தாள். வாடிக்கையாளர்கள், வேலையாட்கள், அவர்கள் குடும்பங்கள் என்று கடை நிறைந்திருந்தது. முதலாளி வீரப்பன் பலகைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"காந்தா, இதுலதான் உன் மக ஜப்பான்காரனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குதா?"

தேவிஸ்ரீ திரும்பி அப்பாவைப் பார்த்தாள். காந்தன் தலையை ஆட்டியிருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் கண்ணெதிரே அந்த விளிம்பு பளபளத்துக்கொண்டிருந்தது.

"இல்ல மொதலாளி, அது நான் அளந்து விட்டது. பாடம் சொல்றது வேற ஆளுங்க. அவங்க கால்ல மாட்டுற ஸ்கீயத் தீட்டுறதுதான் எம்புள்ள கத்துக்கிட்ட தொழில். படையல்ல வைக்க அவளுக்குன்னு ஆயுதம் இருக்கு, பாருங்க."

வீரப்பன் குனிந்து அரத்தையும் இஸ்திரிப் பெட்டியையும் பார்த்தார். நிமிர்ந்து தேவிஸ்ரீயைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் காந்தன் அந்தக் காரியத்தைச் செய்தார். எல்லாக் கருவிக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தவர், பலகையிடம் வந்ததும் ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை. அதன் உயிரே விளிம்பில்தானே இருக்கிறது என்று, குழைத்த சந்தனத்தை விரலால் அள்ளி நீளமாகத் தடவி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். தேவிஸ்ரீ அந்த நேரம் உள்ளே பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தாள். படையலில் வைத்ததை மறுநாள் காலைப் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது. கடையைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் பூசை முடிந்து தேவிஸ்ரீ பலகையை எடுத்துத் துணியால் துடைத்தாள். சந்தனம் இருந்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். மலாக்காவின் புழுக்கமும் சந்தனத்து ஈரமும் சேர்ந்து ஒரே இரவில் வேலையைக் காட்டிவிட்டன. காந்தனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாதக்கணக்கில் பிள்ளை பாடுபட்டதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. ரப்பர்க் கட்டியை எடுத்து இரண்டாக வெட்டி, ஒரு துண்டை அவர் கையில் வைத்தாள்.

"அந்தப் பக்கம் நீங்க அழிங்கப்பா, இந்தப் பக்கம் நான். அழுத்தக் கூடாது."

பள்ளிக்கூட ரப்பர் என்று தான் சிரித்ததை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார் காந்தன். பசியாறக்கூடப் போகாமல் இருவரும் தேய்த்தார்கள். டயர் மாற்ற வந்தவர்களை வீரப்பனே கவனித்துக்கொண்டார். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, கூர்மை அப்படியே இருந்தது. வால் பக்கத்தில் மட்டும் குங்குமம் கனமாக இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு போக மறுத்தது. அரம் போட்டால் கோணம் மாறிவிடும் என்று தேவிஸ்ரீ அதை அப்படியே விட்டாள். அன்றிரவு விமானம் ஏறினாள்.

போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. பட்டறைத் தலைவர் விளிம்பு நெடுகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டியதாகவும், வாலில் இருந்த தழும்பில் நிறுத்தி இது என்ன என்று கேட்டதாகவும் சொன்னாள். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அவர் பலகைகளை வாங்கி வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு சில வாரம் எந்தத் தகவலும் இல்லை. காந்தன் கேட்கவும் பயந்தார், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தன் ஒரு பிடிச் சந்தனம் அவளை மறுபடியும் கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்றே நினைத்துச் சோறு இறங்காமல் திரிந்தார். ராகினி ஆறுதல் சொன்னதும் காதில் ஏறவில்லை.

ஒரு மதியம் கடையில் இருக்கும்போது படம் ஒன்று வந்தது. பட்டறையில் பனிக்காலம் தொடங்கும் நாளில் கருவிகளை வரிசையாக வைத்து, முன்னால் அரிசி மாவுக் கொழுக்கட்டை படைத்து அவர்களும் கும்பிடுவார்களாம். வழவழப்பான மேசையில் ஒவ்வொருவர் கருவிகளும் தனித்தனியாக இருந்தன. கடைசி வரிசையில் ஓர் அரம், பெயர்ப்பலகைத் துண்டு, ராகினியின் இஸ்திரிப் பெட்டி, டியூப் வளையம். கூடவே தேவிஸ்ரீயின் குரல் வந்தது.

"உள்ள எடுத்துக்கிட்டாங்கப்பா. அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. சாமிக்கு வைக்கிறத இரும்பு மேல வைக்காம பக்கத்துல வச்சா போதுமாம்."

காந்தன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கண்ணைத் துடைக்க எடுத்த கைத்துணியில் கிரீஸ் இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. டயர் மாற்ற வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் என்ன விஷயம் என்று விசாரித்தார். காந்தன் போனை நீட்டினார். ஜப்பானில் மகள் பனிச்சறுக்குப் பலகை தீட்டுகிறாள் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கி, கறுப்பாக இருந்த ஒன்றை விரலால் காட்டினார்.

"இந்த வளையம் நான் வெட்டிக் குடுத்தது."