கண்ணில் பட்ட கோயில்கள்

1

கிரேக்கத் தீவை நான் பார்த்தது வில்லாபுரத்தில், ஒரு சலூன் காலண்டரில். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், பின்னால் கடல். முடி வெட்டி முடிவதற்குள் ஒரு கதைக்காக அங்கே இருவரை இறக்கிவிட்டேன்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் உக்கிரபாண்டி. அவர் மனைவி முத்துத்தாய். மகள் ஆர்த்திகாவின் பிரசவத்துக்காக ஏதென்ஸ் வந்தவர்கள். தேதிக்கு இன்னும் நாளிருக்கிறது, பழைய தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் கப்பலேற்றினாள்.

2

தொடக்கம்: மாலை வெயிலில் தீவெங்கும் நூறு தேவாலயங்கள் —

(அடித்துவிட்டேன். முத்துத்தாய்க்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகும்வரை கண்ணில் படும் கோயிலையெல்லாம் மூன்று சுற்று வருவதாகத் திருப்பரங்குன்றத்தில் சொல்லிவிட்டாள். மலையையே சுற்றுகிறவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இந்தத் தீவில் வீட்டுக்கு ஒரு தேவாலயம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.)

3

மருமகன் போன் செய்தார். வலி கண்டுவிட்டது. கடைசிக் கப்பல் கிளம்பப் போகிறது. இருவரும் இறக்கத்தில் ஓடினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். வழியில் விளக்கெரியும் ஒரு சிறு தேவாலயத்தை எழுதினேன்.

முத்துத்தாய் செருப்பைக் கழற்றினாள்.

அழகுக்காகப் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன். அதையும் சுற்றினாள். மூன்றாவது பாறை விளிம்பில்; பின்சுவரை ஒட்டிக் கடல். உக்கிரபாண்டி அவள் முந்தானையைப் பிடித்தபடி கூடவே சுற்றினார். நான்காவது தேவாலயமே இல்லை, கோபுரம்போல் கட்டிய புறாக்கூண்டு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உச்சி கூராக இருக்கிறது என்று அதையும் முடித்தாள்.

உக்கிரபாண்டி நின்று என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இன்னும் எம்புட்டுக் கோயில்ணே எழுதுவீக? புள்ள அங்க துடிச்சுக்கிட்டு கெடக்கு. பாதைய மட்டும் எழுதுங்க.”

வாக்குக் கொடுத்தேன்.

4

பாதை. இறக்கம். பாதை.

(இடப்பக்கம் ஒரு — இல்லை.)

அவருக்கு என்மேல் நம்பிக்கையில்லை. தோள்துண்டை எடுத்து மனைவியின் கண்ணைக் கட்டினார்.

“சாமி குத்தமாயிரும்யா.”

“கண்ணுல பட்டாத்தான சுத்தணும்? வா பேசாம.”

5

முடிவு ஒன்று: கப்பலைத் தவறவிடுகிறார்கள். ஏழாவது தேவாலயத்தின் இரண்டாவது சுற்றில் பேத்தி பிறந்த செய்தி வருகிறது. மூன்றாவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் முத்துத்தாய் அழுகிறாள்.

முடிவு இரண்டு: கப்பலைப் பிடிக்கிறார்கள். தளத்திலிருந்து மொத்தத் தீவும் அத்தனை தேவாலயங்களும் தெரி —

இரண்டும் வேண்டாம். இப்போது துறைமுகத்தில் நிற்கிறார்கள். கப்பல் சங்கு ஊதிவிட்டது. ஏறும் பலகை ஆடுவதால் முத்துத்தாய் துண்டை விலக்கப்போகிறாள். பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. உச்சியும் கொஞ்சம் கூர்.

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நீங்கள் கொடுக்கவில்லை; அது என்னவென்று நீங்கள்தான் சொல்லவேண்டும். உக்கிரபாண்டி உங்களைத்தான் பார்க்கிறார்.

டிக்கெட் கொட்டகைதானே அது?